லைன் வரவில்லை என்றால் பூஸ்டரா வாங்குவது?

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் லைன் கிடைக்காதபோதெல்லாம் யாராவது ஒரு காரணம் சொல்கிறார். மறுநாள் அது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அடுத்த வாரம் ஊரறிந்த உண்மையாகிவிடுகிறது. சரிபார்க்க நாம் யாரும் மெனக்கெடுவதில்லை.

சிக்னல் பலமாக இருந்தால்தான் செய்தி வந்து சேரும் என்பது முதல் நம்பிக்கை. லைனே இல்லாத செம்பனைக் காட்டுக்குள் ஜிபிஎஸ் மட்டும் எப்படி நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது? அந்தத் துணைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கின்றன. அவற்றின் அலை தரைக்கு வரும்போது கருவியின் சொந்த இரைச்சலைவிடத் தாழ்ந்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு பிட்டும் 1,023 துணுக்குகள் கொண்ட ஒரு குறிவரிசையால் அகன்ற அலைக்கற்றையில் விரிக்கப்பட்டு வருகிறது. ஒரு பிட்டுக்குள் அந்த வரிசை 20 முறை ஓடும். கைப்பேசி அதே வரிசையைப் பொருத்திக் கூட்டிப் பார்க்கும்போது செய்தி மேலெழுகிறது. இரைச்சல் அப்படிச் சேர்ந்து வளர்வதில்லை.

இது தெரியாததால்தான் பலத்துக்கு ஆசைப்பட்டுச் சான்றிதழ் இல்லாத பூஸ்டரை வாங்கி லயத்துக் கூரையில் மாட்டுகிறோம். அது சட்டவிரோதம். அதோடு சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கி டவர்மீது கொட்டுகிறது. ஒரு வீட்டின் நிம்மதிக்காக லயம் முழுவதும் அவதிப்படுகிறது.

வழியில் கெடும் பிட்டுகளைச் சரிசெய்யச் செய்தியோடு கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பும் பிழைதிருத்தக் குறியீடு என்றால் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புவது, அது நம் டேட்டாவைத் தின்கிறது என்பது அடுத்தது. இரண்டுமே தவறு. அந்தக் கூடுதல் பிட்டுகள் நம் டேட்டா கணக்கில் வருவதில்லை. ரிச்சர்ட் ஹேமிங் 1950இல் வெளியிட்ட முறையில் 4 பிட்டுக்கு 3 பிட் துணை போதும். அந்த 7இல் எது புரண்டாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். மும்முறை அனுப்பினால் 12 பிட் ஆகும். ஆனால் ஏழில் இரண்டு புரண்டால் ஹேமிங் கணக்கு தோற்றுவிடும்.

தோட்டத்திலோ பிழை கும்பலாகத்தான் வருகிறது. 3ஜி பயன்படுத்திய 2,100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 14 சென்டிமீட்டர். மரத்திலும் மட்டையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஏறக்குறைய 7 சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மணிக்கு 36 கிலோமீட்டரில் மோட்டாரில் போகிறவர் அந்தத் தூரத்தை 7 மில்லிநொடியில் கடக்கிறார். அப்படி அலை அழியும் ஒவ்வொரு சிக்னல் பள்ளத்திலும் தொடர்ச்சியாகப் பல பிட்டுகள் போகும்.

இங்கேதான் இடைப்பின்னல் வருகிறது. ஏழு பிட் சொற்கள் ஏழினை வரிசை வரிசையாக எழுதி, பத்தி பத்தியாக அனுப்புகிறார்கள். தொடர்ந்து ஏழு பிட் கெட்டாலும் சொல்லுக்கு ஒன்றுதான் கெட்டிருக்கும். ஹேமிங் முறை திருத்திவிடும். இடைப்பின்னலே பிழையைத் திருத்துகிறது என்று படித்த பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். அது ஒரு பிட்டையும் திருத்துவதில்லை, கலைத்து வைக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் விலை உண்டு: முழுக் கட்டமும் வந்து சேரும்வரை கைப்பேசி காத்திருக்க வேண்டும். பள்ளத்திலேயே அசையாமல் நின்றால் கட்டம் முழுவதும் பள்ளத்தில் விழும், கலைத்தும் பயனில்லை. ஓரடி நகர்ந்தால் லைன் வருகிறது என்று நம் பாட்டிமார் சொல்வது மூடநம்பிக்கை அல்ல.

மழை பெய்தால் கைப்பேசியும் போய்விடும் என்ற எண்ணத்துக்கு வீட்டு ஆஸ்ட்ரோ துணைக்கோள் டிவிதான் காரணம். அதன் அலை சுமார் 12 கிகாஹெர்ட்ஸ். மழைத்துளி அதை நன்றாகவே உறிஞ்சும். கைப்பேசி அலை அதைவிட மிகத் தாழ்ந்தது. நனைந்த ஓலை கொஞ்சம் தடுக்கும், மழை பெரிதாகத் தடுக்காது.

2021 இறுதியில் 3ஜியை மூடியதோடு இந்த உத்திகளும் காலாவதியாகிவிட்டன என்பதும் பொய். ஜிபிஎஸ்போல் 3ஜியும் பயன்படுத்திய, அலையை விரிக்கும் முறைதான் கைப்பேசிச் சேவையிலிருந்து விலகியது. 3ஜியின் டர்போ என்ற பிழைதிருத்தக் குறியீடு 4ஜியிலும் தொடர்கிறது. 5ஜி டேட்டாவைக் காப்பதோ ராபர்ட் கேலகர் 1960களின் தொடக்கத்திலேயே வகுத்த குறியீடு.