குழி தப்புவது காலாலா, கண்ணாலா?

கோல்ஃப் ஆட்டத்தில், கிரீன் எனப்படும் மழித்த புல்தரையில் பந்தை உருட்டிக் குழியில் சேர்ப்பதுதான் பட்டிங். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 43-க்குச் சற்றுக் குறைவு. இந்த ஓர் அடிக்கு எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது என்று ஆளுக்கொரு விதி சொல்கிறார்கள். அதையெல்லாம் நம்பிப் புதிதாகப் பழகுகிறவர்கள் தங்களுக்கு இயல்பாக வந்ததையும் தொலைத்துவிடுவது வருத்தமான விஷயம். அப்படிப்பட்ட நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சரியான நிலை ஒன்றே ஒன்றுதான்.

உண்மை: ஜாக் நிக்லாஸ் நன்றாகக் குனிந்து, தலையைப் பந்துக்குப் பின்னால் வைத்து அடித்தார். அர்னால்ட் பால்மர் முழங்கால்களை ஒட்டிக்கொண்டு, பாதங்களை உள்நோக்கித் திருப்பி நின்றார். பென் கிரென்ஷா நிமிர்ந்து நின்றவர். மூவருமே மாஸ்டர்ஸ் என்ற பெரும் போட்டியில் பட்டம் வென்றவர்கள். நிலை எதுவானாலும் அடிக்கும்போது தலையும் உடம்பும் ஆடக்கூடாது என்பதே முக்கியம்.

நம்பிக்கை 2: கால்கள் காட்டும் திசையில்தான் பந்து போகும்.

உண்மை: பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் இருக்கும் கோணம். முகம் 1 டிகிரி திரும்பினாலே 3 மீட்டரில் பந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் விலகிவிடும். குழியின் மையத்திலிருந்து விளிம்புவரை உள்ள தூரமே 5.4 சென்டிமீட்டர்தான். கால்கள் திரும்பும்போது தோள்களும் சேர்ந்து திரும்பினால்தான் வீச்சு கோணலாகும்.

நம்பிக்கை 3: கண்கள் பந்துக்கு நேர் மேலே இருந்தே ஆகவேண்டும்.

உண்மை: இதில் நியாயம் உண்டு. பந்தையும் குழியையும் இணைக்கும் கோட்டுக்கு நேர் மேலே கண்கள் இருந்தால், தலையைத் திருப்பும்போது பார்வை அந்தக் கோட்டின் மீதே குழிவரை போகும். ஆனால் முன்னணி ஆட்டக்காரர்கள் பலருடைய கண்கள் பந்தைவிடச் சற்றுக் கால்பக்கமாகவே இருக்கின்றன. இரண்டு கண்களும் கோட்டுக்கு இணையாக இருப்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருப்பதும்தான் முக்கியம். இடம் மாறினால், நேராக வைத்த மட்டையின் முகம்கூடத் திரும்பியிருப்பதுபோல் தோன்றும்.

நம்பிக்கை 4: அடித்தவுடன் பார்வை பந்தோடு போகவேண்டும்.

உண்மை: கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்தவர்களின் பார்வை அடிப்பதற்கு முன் பந்தின் மீது அலையாமல் நிலைத்திருந்தது, பந்து போன பிறகும் அதே இடத்தில் ஒரு கணம் தங்கியது. தலையை அவசரமாகத் தூக்கினால் தோளும் கூடவே எழும், மட்டையின் முகம் திரும்பும்.

உங்கள் கண்கள் இருக்கும் இடத்தைச் சோதிக்க ஒரு சிறு கண்ணாடி போதும். தரையில் வைத்து, அதன் மேல் பந்தை வைத்து, வழக்கம்போல் நில்லுங்கள். கண்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும். மட்டையின் முகம் குழியை நோக்கித்தான் இருக்கிறதா என்று பின்னாலிருந்து நண்பர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் எந்த நிலையில் அடிக்கடி நேராக அமைகிறதோ, அதுவே உங்களுக்குச் சரியான நிலை. யார் சொன்னாலும் அதை மாற்றாதீர்கள்.