முட்டையின் எம்முனை? கணினியாளர் நகைமொழி ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சி

இவ்விழா மலரில் இடம்பெற வேண்டிய பழைய மாணவர் பெயர்ப்பட்டியலை அச்சிடுவிக்கும் பொருட்டுப் புறக்கோட்டையிலுள்ள ஓர் அச்சகத்துக்கு நாம் சென்றிருந்தோம். பட்டியலைக் கணினியிலே திறந்த ஊழியர் திகைத்துப் போனார். நம் கல்லூரியின் மைந்தர் அனைவரும் ஒரே இரவிற் கொரியராகியிருந்தனர். இடையிடையே சீனரும் சிலர் தலைகாட்டினர். எம்முடன் வந்த பழைய மாணவர் இருவர் மென்பொருள் ஆக்குவதைத் தொழிலாகக் கொண்டவர். அவர்கள் திரையைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தனர். “சேர், முட்டையை மற்ற முனையிலே உடைத்துவிட்டார்கள்” என்றார் ஒருவர். எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபின், அச்சிரிப்பினுள்ளே ஒரு பாடமே அடங்கியிருக்கக் கண்டு இதனை எழுதத் துணிந்தோம்.

முட்டைக் கதை 1726 இல் வெளிவந்த ‘கலிவரின் யாத்திரைகள்’ என்னும் நூலிலுள்ளது. யோனதன் சுவிஃப்ற்று என்னும் ஆசிரியர் அதிலே குள்ளர் நாட்டைப் படைத்தார். முட்டையைப் பெருமுனையில் உடைக்கும்போது அரசகுமாரன் ஒருவனின் விரல் வெட்டுண்டது. அதன்பின் யாவரும் சிறுமுனையிலேயே உடைக்க வேண்டுமென்று ஆணை பிறந்தது. ஆறு கலகங்கள் மூண்டன. சிறுமுனையில் உடைப்பதிலும் சாவதே மேலென்று 11,000 பேர் உயிர்விட்டனராம். சமயப் பூசல்களை எள்ளி நகையாட எழுந்த கதை இது.

இக்கதையைக் கணினி உலகுக்குக் கொணர்ந்தவர் டானி கோகென் என்னும் அறிஞர். 1980 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் தேதி, முட்டாள்கள் தினத்தன்றே, ‘புனிதப் போர்களும் சமாதான வேண்டுகோளும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணினியின் நினைவகம் சிறு சிறு அறைகளாலானது. ஓர் அறைக்குப் பைற்று என்று பெயர். ஓர் அறையில் 0 முதல் 255 வரையான எண்ணே அடங்கும். அதனிலும் பெரிய எண்ணை இரண்டு, நான்கு அறைகளிற் பகிர்ந்து வைக்க வேண்டும். பெரிய பகுதியை முதலில் வைப்பதா, சிறிய பகுதியை முதலில் வைப்பதா? 1964 இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 பெரியதை முதலில் வைத்தது. 1978 இல் வந்த இன்டெல் 8086 சிறியதை முதலில் வைத்தது. இரு கட்சியாரும் சூடாக வாதிட்டனர். கோகென் அவர்களைப் பெருமுனையார், சிறுமுனையார் என்றழைத்தார். அந்நகைப்பெயர்களே இன்று பாடநூல்களிலும் கலைச்சொற்களாகிவிட்டன.

எக்கட்சி சரி? இதற்கு விடை காண அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடையொன்றின் கணக்கப்பிள்ளையைக் கவனித்தாற் போதும். விலை கூறும்போது “முந்நூற்று நாற்பத்தைந்து” என்று நூறிலே தொடங்குகிறார். கேட்பவருக்கு அளவு உடனே தெரிந்துவிடுகிறது. அதே மனிதர் பற்றுச்சீட்டைக் கூட்டும்போது ஒன்றின் இடத்திலே தொடங்குகிறார். இல்லையேல் மிச்சத்தை மேலே கொண்டுபோக முடியாது. ஒப்பிடுவதற்குப் பெருமுனை வசதி. கூட்டுவதற்குச் சிறுமுனை வசதி. பொறியாளரின் புனிதப் போர் முழுவதும் இந்த மேசையிலே அடங்கிவிடுகிறது. ஒல்லாந்தர் கொழும்பை ஆண்ட 1656 முதல் 1796 வரை இங்கே கேட்ட எண்வழக்கோ வேறு: அவர் மொழியில் இருபத்தைந்து என்பது ‘ஐந்தும் இருபதும்’ ஆகும். அராபியரும் அவ்வாறே சொல்வர். ஒரே தெருவில் இரு முனையாரும் வியாபாரம் செய்தனர். எவரும் எவரையும் கொல்லவில்லை.

இனி எமது பட்டியலுக்கு நேர்ந்த கதியைப் பார்ப்போம். யூனிக்கோட் முறையில் ‘அ’ என்னும் எழுத்தின் எண் 2949. இது 11, 133 என இரு அறைகளில் அமரும்: 11 ஐ 256 ஆற் பெருக்கி 133 ஐக் கூட்டினால் 2949. வாசிக்கும் கணினி முனையை மாற்றிக்கொண்டால் 133 ஐ 256 ஆற் பெருக்கி 11 ஐக் கூட்டும், வருவது 34059. அது சீன எழுத்தொன்றின் எண். ‘ம’ 2990, புரட்டினால் 44555, அது கொரிய எழுத்து. புள்ளியும் காலும் அவ்வாறே கொரிய எழுத்துக்களாகும். ஆகவே ‘அம்மா’ என்று எழுதி அனுப்பினால் ஒரு சீன எழுத்தும் நான்கு கொரிய எழுத்துக்களும் போய்ச் சேரும். எழுத்தொன்றும் அழியவில்லை, வாசிக்கும் ஒழுங்கே பிறழ்ந்தது.

நிரலாளரிடையே வேறொரு பகிடியும் உண்டு. ‘யூனிக்ஸ்’ என்ற சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துக்கள் இரண்டிரண்டாகப் புரண்டு ‘நக்ஸி’ என்று அச்சாகுமாம். இதனைத் தமிழிற் செய்து பார்த்தோம்: ‘தலைவலி’ என்பது ‘லைதலிவ’ ஆயிற்று. அது தலைவலியைத் தணிக்கவில்லை.

போர் எவ்வாறு முடிந்தது? முடியவில்லை, எல்லை வகுக்கப்பட்டது. இன்று மேசைக் கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் சிறுமுனையாரே. ஆயினும் 1981 இல் வகுக்கப்பட்ட இணைய விதிகளின்படி, செய்திப் பொதியின் தலைப்பிலுள்ள எண்கள் பெருமுனையிலேயே பயணஞ் செய்யும். கோட்டைக்குள்ளே ஒரு வழக்கு, வெளியே பேட்டையில் வேறொரு வழக்கு. வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் எண்ணைப் புரட்டிவிடுகிறது. கோகென் வேண்டியதும் இவ்வளவே: எந்த முனை என்பதிலும் ஒரு முனையில் உடன்படுதலே முக்கியம், முடிவுக்கு வர இயலாவிடின் நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள் என்றார். எழுத்துக்களைப் பொறுத்தவரை இதனினும் நல்ல வழியொன்றை 1992 இல் கென் தொம்சன், ரொப் பைக் என்போர் நியூ ஜெர்சி மாநில உணவுச்சாலையொன்றில், மேசைவிரிப்புத் தாளிலே வரைந்தனர். ‘யூரிஎஃப்-8’ எனப்படும் அம்முறையில் அறைகளின் வரிசை ஒன்றே; புரட்டுவதற்கு இடமில்லை. தமிழெழுத்து ஒன்றுக்கு மூன்று அறைகள் வேண்டியிருப்பது அதற்கு நாம் செலுத்தும் கூலி.

எம் நண்பர் முனையை மாற்றியதும் கொரியர் யாவரும் தமிழராயினர். ஆனாற் கடைசி மூன்று பக்கங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே நின்றன. அவை முந்திய ஒருவர் பாமினி எழுத்துருவிலே தட்டியவை. பாமினி தட்டச்சுப் பொறியின் வழியது: ‘கெ’ என்பதிற் கண்ணுக்கு முதலில் தெரியும் கொம்பையே முதலில் வைக்கும். யூனிக்கோட் காதுக்கு முதலிற் கேட்கும் ககரத்தை முதலில் வைத்து, கொம்பைப் பின்னே நிறுத்தும். பொறி போய்விட்டது, பொறியின் ஒழுங்கு மென்பொருளுக்குள்ளே இருக்கிறது. இப்பழைய கோப்புக்களை மாற்றி வைக்காவிடின், இன்னும் சில ஆண்டுகளில் நம் சங்கத்தின் அறிக்கைகளில் ஒரு பெயரைத் தேடினாலும் அகப்படாது.

மாற்றும் வேலை முடிய மாலையாயிற்று. அச்சக ஊழியர் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: “ஐயா, அகரவரிசையைத் தகப்பன் பெயரின் முதலெழுத்திலே தொடங்குவதா, அவரவர் சொந்தப் பெயரிலே தொடங்குவதா?” எம் நண்பர் இருவரும் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினர். ஒருவர் சட்டைப் பையில் நாணயத்தைத் தேடினார்.