கதை சொன்ன முனிவர்



குருவும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடந்தார்கள். கரையேறியதும் ஒருவன் தலைகளை எண்ணினான். தன்னை எண்ணாமல் விட்டபடியால் கணக்கு ஐந்துதான் வந்தது. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று எல்லோரும் அழுது புலம்பினார்கள். இந்தப் பரமார்த்த குரு கதையைக் கேட்டுச் சிரிக்காத தமிழ்ப் பிள்ளை உண்டோ? ஆனால் இதனை எழுதியவர் தமிழர் அல்லர்.

கொன்ஸ்தாந்து யோசேப் பெஸ்கி அடிகளார் 1680இல் இத்தாலி நாட்டிற் பிறந்தவர். 1698இல் யேசு சபையிற் சேர்ந்தார். குருவானபின் 1710இல் கோவாவை வந்தடைந்து, மறு ஆண்டு தமிழகத்தில் மதுரை மறைபரப்புத் தளத்திற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. அந்த வயதில் புதிய மொழியொன்றை முதலெழுத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். 1747இல் இறக்கும்வரை அவர் தாய்நாடு திரும்பவில்லை. வீரமாமுனிவர் என்று நாம் போற்றுவது இவரையே.

சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி, 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார், சதுரகராதியைத் தொகுத்தார். இவை கற்றோருக்கு உரியவை. பரமார்த்த குரு கதையையோ, வெளிநாட்டுக் குருமார் மக்களின் பேச்சு வழக்கைப் படித்துக்கொள்ள உதவியாக எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்தார். 1822இல் அது இலண்டனில் அச்சேறியது. குருமாரின் பாடநூல் காலப்போக்கில் பிள்ளைகளின் கதைப் புத்தகமாயிற்று.

ஏன்? போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். ஒரு மொழியில் செபிக்கப் பழகுவது எளிது. அதன் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது அரிது. அந்த மக்களோடு ஒருவராய் வாழ்ந்தவருக்கே அது கைகூடும். மனிதரிடையே மனிதராய் வந்து குடியிருந்த ஆண்டவரின் ஊழியனுக்கு வேறு வழி ஏது?

மாத்தளையில் வாழும் நம்மில் பலரின் முன்னோரும் புலம்பெயர்ந்தவர்களே. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து இங்கு வந்தார்கள். பசிக்கும் கொள்ளைநோய்க்கும் வழியிலேயே பலியானோர் பலர். அவர்கள் சுமந்துவந்த தமிழைக் காப்பது நம் கடமை. அதேவேளை, பக்கத்து வீட்டாரின் சிங்களம் நமக்கு எவ்வளவு தெரியும்? கடையில் விலை கேட்கவும் கந்தோரில் படிவம் நிரப்பவும் போதுமான அளவா? அல்லது அவர்களின் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு கதை சொல்லிச் சிரிக்கும் அளவா?

“அவர்கள் நம் மொழியைப் படிப்பதில்லையே” என்ற குறை நம்மிடம் உண்டு. அது நியாயமான குறையே. ஆனால் அயலவரின் மொழியைப் படிக்காதோரை எண்ணும்போது, ஆற்றங்கரைச் சீடனைப் போல நம்மை மறந்துவிடாமல், நம்மையும் சேர்த்தே எண்ணுவோம்.