அமைப்பின் பெயரைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

மெஸ்ஸில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் பக்கத்தில் சீனியர் ஒருவர் வந்து உட்கார்ந்து, ஊர், வீடு, படிப்பு என்று பரிவாக விசாரித்ததை எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை 'ஆளுமை வளர்ச்சி வகுப்பு' என்று கூப்பிடுகிறார், பேச்சுவாக்கில் கடவுளும் வருகிறார், போகலாமா என்று கேட்டிருந்தாய்.

கடவுளைத் தேடுவதில் தவறே இல்லை. தன் நம்பிக்கையை எடுத்துச் சொல்ல அந்த சீனியருக்கு அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு உரிமை தருகிறது. ஆனால் எடுத்துச் சொல்லும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனம் எதுவும், சம்மதமில்லாத மாணவரை மத போதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்கக் கூடாது என்கிறது 28-ஆவது பிரிவு.

வற்புறுத்தலுக்கு எதிராகச் சட்டம் காவல் இருக்கிறது. பரிவோடு வருபவரை எடைபோடும் வேலை உன்னுடையது. படித்தவன் ஏமாற மாட்டான் என்று நம்பிவிடாதே. ஜப்பானில் கெனிச்சி ஹிரோசே வசேடா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். 1988-இல் மதகுரு ஷோகோ அசஹாராவின் புத்தகத்தைப் படித்து ஈர்க்கப்பட்டு, அந்த குருவின் ஓம் ஷின்ரிக்கியோ குழுவில் சேர்ந்தார். 1984-இல் டோக்கியோவில் யோகா வகுப்பாகத் தொடங்கிய குழு அது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சுப் பைகளைக் குத்தித் திறந்த ஐவரில் ஹிரோசேயும் ஒருவர். 12 பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். தான் எப்படி அதில் விழுந்தேன் என்று சிறையிலிருந்து மாணவர்களுக்கு அவர் நீண்ட கடிதம் எழுதினார். 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்.

எல்லாக் குழுவும் அப்படி இல்லை. வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு உண்மையான துணையாக இருக்கும் பிரார்த்தனைக் குழுக்களும் பஜனைக் குழுக்களும் நிறைய உண்டு. எந்த மதமானாலும் இவற்றைக் கவனி. அமைப்பின் பெயரையும் நோக்கத்தையும் முதல் நாளே சொன்னார்களா? வீட்டில் சொல்லாதே என்கிறார்களா? வகுப்பையும் பழைய நண்பர்களையும் விடச் சொல்கிறார்களா? சந்தேகம் கேட்டால் பதில் வருகிறதா, பாவம், சாபம் என்ற பயமுறுத்தல் வருகிறதா? இரண்டு வாரம் போகாமல் இருந்து பார். அப்போதும் அந்த சீனியர் மெஸ்ஸில் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அவர் உன் நண்பர். முகம் திருப்பிக்கொண்டால், அந்தப் பரிவு உனக்காகக் காட்டியது இல்லை.

முதல் செமஸ்டரின் தனிமை பெரிய பசி. பசியோடு இருப்பவன் யார் பரிமாறினாலும் உட்கார்ந்துவிடுவான். அதனால் முதலில் உன் அறைத் தோழனோடு, வகுப்பு நண்பர்களோடு பழகு.

ஞாயிற்றுக்கிழமை போக விரும்பினால் போ. போகுமுன் அமைப்பின் பெயரைக் கேள். காசு கொடுக்காதே, எதிலும் கையெழுத்துப் போடாதே. அன்றிரவே அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததை ஒன்று விடாமல் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்