விமானப் பயணத்தில் டார்ச் விளக்கும் மருத்துவக் கருவிகளின் பேட்டரிகளும்

தரங்கம்பாடி, பொறையாறு, ஆக்கூர் வட்டாரங்களிலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வருவோரில் பலருடைய பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரிகின்றனர். அவர்களைக் காண முதியவர்கள் திருச்சி அல்லது சென்னை வழியாகப் பறந்து செல்கின்றனர். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் செய்துகொள்வதற்காக வெளிநாட்டில் வாழும் பெரியவர்கள் இங்கு வந்து திரும்புவதும் வழக்கம். இவர்களில் பலரிடம் இன்று மின்கலத்தால், அதாவது பேட்டரியால், இயங்கும் மருத்துவக் கருவி ஒன்றேனும் இருக்கிறது. இரவில் எழுந்து நடக்க ஒரு டார்ச் விளக்கும் இருக்கிறது. மாத்திரை எடுத்துவைப்பதில் காட்டும் கவனத்தை இவற்றை எடுத்துவைப்பதிலும் காட்டவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேட்டரி ஏன் கைப்பையில் இருக்கவேண்டும்?

கைப்பேசி, பவர் பேங்க், சார்ஜ் ஏற்றக்கூடிய டார்ச், எடுத்துச் செல்லத்தக்க ஆக்சிஜன் செறிவூட்டி ஆகியவற்றில் பெரும்பாலும் லித்தியம் அயனி பேட்டரியே உள்ளது. அதன் நேர்முனையையும் எதிர்முனையையும் மெல்லிய தடுப்புப் படலம் ஒன்று பிரிக்கிறது. பேட்டரி நசுங்கினாலோ, தயாரிப்பில் குறை இருந்தாலோ, அதன் முனைகளைச் சாவியோ நாணயமோ இணைத்துவிட்டாலோ உள்ளே வெப்பம் பெருகுகிறது. அவ்வெப்பம் மேலும் வெப்பத்தைத் தோற்றுவிக்கும் வேதிவினைகளைத் தூண்டுகிறது. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவுகிறது.

இது பயணிகள் அமர்ந்திருக்கும் பகுதியில் நேர்ந்தால் புகையை எவரேனும் உடனே காண்பர். பயிற்சி பெற்ற பணியாளர்கள் தீயை அடக்கி, நீர் ஊற்றிப் பேட்டரியைக் குளிரச் செய்வர். கீழே சரக்குப் பகுதியில் நேர்ந்தால் எவரும் சென்று பார்க்க இயலாது. அங்குள்ள தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கினாலும் பேட்டரியின் உள்வெப்பத்தைத் தணிப்பதில்லை. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட யுபிஎஸ் சரக்கு விமானம் தீப்பற்றி விழுந்து இரு விமானிகளும் உயிரிழந்தனர். அதன் சரக்கில் லித்தியம் பேட்டரிகள் பெருமளவில் இருந்தன. இத்தகைய நிகழ்வுகளின் பாடமாகவே, கருவியில் பொருத்தப்படாத உதிரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்குகளும் கைப்பையில் மட்டுமே செல்லவேண்டும் என்ற பன்னாட்டு விதி நடைமுறையில் உள்ளது.

கைப்பையில் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் எண்ணலாகாது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில், தலைக்கு மேலுள்ள அலமாரியில் தீ மூண்டது. உள்ளிருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டனர். பவர் பேங்க் ஒன்றே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை தெரிவித்தது. எனவே பேட்டரிகளை மேலலமாரியில் வைக்காமல், கண்ணில் படும்படி இருக்கைக்குக் கீழோ முன்னோ வைப்பதே நன்று. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸும் விமானத்திற்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்துள்ளன. ஆகவே கருவிகளுக்கு வீட்டிலேயே முழுமையாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளவேண்டும்.

அளவைக் கணக்கிடும் முறை

விதிகள் பேட்டரியின் ஆற்றலை வாட்-மணி என்ற அளவில் குறிப்பிடுகின்றன. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100-க்கு மேல் 160 வரையுள்ளவற்றிற்கு விமான நிறுவனத்தின் முன்னனுமதி தேவை. உதிரியாக இரண்டு மட்டுமே எடுத்துச் செல்லலாம். 160-க்கு மேற்பட்ட உதிரி பேட்டரிகளைப் பயணி எடுத்துச் செல்ல இயலாது. சக்கர நாற்காலி பேட்டரிகளுக்குத் தனி விதிகள் உள்ளதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே அதனைத் தெரிவிக்கவேண்டும்.

பேட்டரியின் மேல் வாட்-மணி அச்சிடப்படவில்லையெனில், மில்லி ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுக்கவேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணியும் 3.7 வோல்ட்டும் கொண்ட பவர் பேங்கின் ஆற்றல் 74 வாட்-மணி. இது வரம்பிற்குள் உள்ளது. எழுத்து அழிந்த பேட்டரியைச் சோதனையில் ஏற்க மறுக்கலாம். உப்பிய பேட்டரியையும் சேதமுற்ற பேட்டரியையும் எடுத்துச் செல்லவே கூடாது.

டார்ச் விளக்கு

புயலும் மின்தடையும் பழகிய நம் கடற்கரையில் டார்ச் இல்லாத வீடு அரிது. புதிய வீட்டில் இரவில் கழிவறைக்கு எழும் முதியவர் இடறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளாதிருக்கவும் அது உதவும். பயணத்திற்குச் சிறிய டார்ச்சே போதுமானது. நீண்ட, கனத்த உலோக டார்ச்சைத் தாக்கும் கருவியெனக் கருதிப் பாதுகாப்பு அலுவலர் தடுக்கலாம். அவரது முடிவே இறுதியானது. பைக்குள் தானாக எரிந்து சூடேறாதவாறு பேட்டரியைக் கழற்றிவிடவேண்டும். கழற்றியதன் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி நெகிழிப் பையில் இடவேண்டும். கடலுக்குள் மூழ்குவோர் பயன்படுத்தும் மிகுவெப்ப விளக்குகளுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை.

மருத்துவக் கருவிகள்

ஆக்சிஜன் செறிவூட்டியுடன் செல்வோர், பயண நேரத்தின் ஒன்றரை மடங்கிற்குப் போதுமான பேட்டரி வைத்திருக்கவேண்டும் எனப் பல விமான நிறுவனங்கள் கேட்கின்றன. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரப் பயணமெனில், ஆறு மணி நேரத்திற்கான பேட்டரி தேவை. ஒரு பேட்டரி மூன்று மணி நேரம் தாங்குமெனில் இரண்டு வேண்டும். நிலையத்தில் காத்திருக்கும் நேரத்திற்கும் தாமதத்திற்கும் மூன்றாவதொன்று வேண்டும். நோயாளிக்கு நிர்ணயித்த ஆக்சிஜன் அளவில் ஒரு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதை வீட்டிலேயே ஒருநாள் இயக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். அளவு கூடினால் பேட்டரி விரைவில் தீரும்.

தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளோரின் சிபேப் கருவி, நெபுலைசர், இன்சுலின் பம்ப், குளுக்கோமீட்டர், செவிப்புலக் கருவி ஆகியவையும் கைப்பையிலேயே இருக்கட்டும். இன்சுலினும் அவ்வாறே, சரக்குப் பகுதியில் அது உறைந்து பயனற்றுப் போகக்கூடும். செவிப்புலக் கருவியிலும் குளுக்கோமீட்டரிலும் உள்ள பொத்தான் பேட்டரிகளைக் குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைக்கவேண்டும். அதனை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே வெந்துபோகக்கூடும். சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவரவேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறும் ஓர் இடம் உண்டு. விமானத்தில் இடம் போதாதபோது, ஏறும் வாயிலில் கைப்பையை வாங்கிச் சரக்குப் பகுதிக்கு அனுப்புவார்கள். அப்போது பேட்டரி, மருந்து, கருவி ஆகியவற்றை வெளியே எடுத்து உடன் வைத்துக்கொள்ளவேண்டும். இதற்காகவே இவற்றைத் தனியான சிறு பையில் இட்டு, அதனைக் கைப்பையின் மேற்புறத்தில் வைக்குமாறு அறிவுறுத்துகிறோம்.

துணைவருவோர் செய்யவேண்டியவை

பயணத்திற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைச் சந்தித்து, நோய், கருவியின் பெயர், ஆக்சிஜன் அளவு, பேட்டரிகளின் எண்ணிக்கை ஆகியவை அடங்கிய கடிதத்தை ஆங்கிலத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். விமான நிறுவனத்திடம் கருவியைப் பற்றித் தெரிவித்து, எழுத்தில் பதில் பெறுங்கள். சொந்த ஆக்சிஜன் உருளையைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. அதனை நம்பி நிலையம் வரை சென்றுவிடாதீர்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் வாரத்தில் மீண்டும் ஒருமுறை கேட்டறியுங்கள். பயணத்தின்போது பேட்டரி சூடேறினாலோ உப்பினாலோ புகைந்தாலோ மறைக்காமல் உடனே பணியாளரிடம் கூறுங்கள்.

பறக்கும் விமானத்தில் பேட்டரி தீர்ந்துபோன செறிவூட்டிக்கு மாற்றில்லை. பெரிய பெட்டிக்குள் உதிரி பேட்டரியை வைத்து அனுப்பினால், சோதனையில் அது அகற்றப்படும். நோயாளியோ வெறுங்கையுடன் விமானத்தில் அமர்ந்திருப்பார். பெட்டியைப் பூட்டுவதற்கு முன் அதனைத் திறந்து, பேட்டரி எதுவும் உள்ளே தங்கிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள்.