கணினி வேலையை வெளியே கொடு, திறப்பை உன்னிடம் வை

தங்கச்சி, விடுதிக்கும் கருவாட்டுக் கடைக்கும் சேர்த்து ஒரு கொம்பியூட்டர் தெரிந்த பெடியனைச் சம்பளத்துக்கு எடுப்போமா, இல்லாவிட்டால் அந்த வேலையை வெளிக் கம்பனியிடம் கொடுப்போமா என்று நீயும் உன் மனுசனும் யோசிப்பதாகச் சொன்னாய். வெளியில் கொடு என்பதுதான் என் பதில். எதைக் கொடுக்கலாம், எதைக் கையை விட்டு விடக்கூடாது என்பதை மட்டும் முதலில் பிரித்துத் தெரிந்துகொள். மன்னார், பேசாலை, தலைமன்னார்ப் பக்கம் ஐஸ் பெக்டரி, மருந்துக்கடை, ஹார்ட்வெயார் கடை நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

காசுக் கணக்கு

சம்பளம் 60,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வை. முதலாளி கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். இரண்டும் சேர்ந்து 9,000. ஆக மாதம் 69,000 உன் கையிலிருந்து போகும். சரி, விடுதியில் உண்மையாக என்ன கணினி வேலை இருக்கிறது? பில் போடுகிற மென்பொருள், அறைப் பதிவு, வைபை, நாலைந்து கமரா, இணையத்தளம், மின்னஞ்சல். எல்லாம் ஒழுங்காக ஓடினால் மாதத்தில் சில நாள் வேலைதான். மிச்ச நாளெல்லாம் அவனை முன்மேசையில் இருத்துவாய், சந்தைக்கு அனுப்புவாய். கெட்டிக்காரன் என்றால் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்கமாட்டான். கொழும்புக்கோ கட்டாருக்கோ வெளிக்கிட்டுவிடுவான். உன் கணினிகளைப் பற்றிய விபரம் முழுவதும் அவன் தலைக்குள் இருந்தபடியே பிளேன் ஏறும்.

இன்னொன்று. ரவுட்டர் பூட்டத் தெரிந்தவனுக்குக் கணக்கு மென்பொருள் தெரியாது. இணையத்தளம் வடிவாகச் செய்பவனுக்குக் கமரா வயர் இழுக்க வராது. ஒரு சம்பளத்துக்கு ஒரு ஆளின் அறிவுதான் கிடைக்கும். வெளிக் கம்பனியில் நாலு பேர் இருப்பார்கள், தேவைக்கு ஏற்ற ஆள் வருவார். லீவுப் பிரச்சினையும் இல்லை. மடு ஆவணித் திருவிழாவும் திருக்கேதீச்சரச் சிவராத்திரியும் உன் அறைகள் நிரம்புகிற நாள்கள். ஊர்ப் பெடியன் அன்றைக்குத்தான் லீவு கேட்பான். கேட்பதும் நியாயம்தானே.

பெரிய இடங்களும் இதே கணக்கைப் பார்த்துத்தான் இறங்கின. 1989இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் தன் கணினி நிலையத்தை நடத்தும் பொறுப்பை ஐபிஎம்மிடம் கொடுத்தபோது, இவ்வளவு பெரிய கம்பனி இதைப் பிறத்தியாரிடம் கொடுக்கலாமா என்று பலர் வியந்தார்கள். பிறகு மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். (2012இல் கொடாக் வங்குரோத்தானது டிஜிட்டல் கமரா வந்ததால், இதை அதோடு முடிச்சுப் போடாதே.)

திறப்பு யாரிடம்?

நட்டப்படுகிறவர்களில் அரைவாசிப் பேர் நட்டப்படுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். இணையத்தளம் செய்து தருகிற பெடியன், "அக்கா, டொமைன் பெயரையும் நானே எடுத்துத் தாறன்" என்பான். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. எடுக்கும்போது தன் மின்னஞ்சலையே கொடுத்துவிடுவான், தன் பெயரிலேயே பதிந்துவிடுவான். இரண்டு வருடம் கழித்து அவன் கனடாவில். புதுப்பிக்கச் சொல்லி வருகிற நினைவூட்டல் அவனுடைய பழைய மின்னஞ்சலில் கிடக்கும். ஒரு காலையில் உன் தளம் திறக்காது, விருந்தினர் அனுப்பும் மின்னஞ்சலும் வராது.

டொட் எல்கே என்று முடிகிற பெயரை எல்கே டொமைன் பதிவகத்தில் உன் பெயரில், உன் மின்னஞ்சலில், உன் தொலைபேசி இலக்கத்தில் பதி. தமிழில் ".இலங்கை" என்று முடிகிற முகவரியும் எடுக்கலாம். வருடக் கட்டணத்தை நீயே கட்டு. தளத்தைச் செய்கிறவருக்கு அதற்குள் போய் வேலை செய்ய மட்டும் அனுமதி கொடு. கூகுள் வரைபடத்தில் உள்ள உன் விடுதிப் பக்கம், பேஸ்புக் பக்கம், அறைப் பதிவுத் தளங்களின் கணக்கு எல்லாவற்றுக்கும் இதே விதி: உரிமையாளர் நீ, அவர் நிர்வாகி. கணக்குக்குள் நுழையும்போது கேட்கிற இரண்டாம் கட்டக் குறியீடு உன் போனுக்கு வரவேண்டும். அவருடைய போனுக்கு வருகிறது என்றால் கணக்கு அவருடையது, நீ வாடகைக்கு இருக்கிறாய்.

கமராவையும் மறக்காதே. பூட்டிவிட்டுப் போகிறவர்கள் தொழிற்சாலையில் வந்த கடவுச்சொல்லையே பல நேரம் விட்டுவிட்டுப் போவார்கள், அல்லது தங்கள் போனில் உன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்த அன்றே கடவுச்சொல்லை மாற்று. அறைக்குப் போகிற நடைபாதைக் கமராவில் யார் யாருக்கு அனுமதி என்று ஒரு கொப்பியில் எழுதி வை.

விருந்தினரின் அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் படங்கள் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவரை ஒரு பக்கமும், அவருக்காக அந்த வேலையைச் செய்து கொடுப்பவரை மறுபக்கமும் வைக்கிறது. தீர்மானிப்பவர் நீ. மென்பொருள் கம்பனி கைதவறவிட்டாலும் பதில் சொல்ல உன்னையும் கூப்பிடுவார்கள். அதனால் அந்தப் படங்களை யாருடைய வட்ஸ்அப்புக்கும் அனுப்பாதே, தேவை முடிந்ததும் அழி.

"கிளவுட்டில இருக்கு, பயப்பிடாதீங்க"

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கிறவர்கள் 2023இல் எங்கள் அரசாங்கத்துக்கு நடந்ததை அறிந்திருக்கவேண்டும். லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரச சேவையில்தான் அமைச்சரவை அலுவலகம் முதற்கொண்டு ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் இயங்கின. அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில் கப்பம் கேட்கிற மென்பொருள் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் பூட்டியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மின்னஞ்சல் மென்பொருள்; புதுப்பிப்பது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்த மூன்று மாதத்துக்குமேலான காலத்துக்கு, தொடுப்பில் இல்லாமல் தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை.

அரசாங்கத்துக்கே அப்படி என்றால் உன் கருவாட்டுக் கடைக் கடன் கணக்குக்கு என்ன காவல்? ஒப்பந்தம் பேசும்போது "பெக்கப் எடுப்பீர்களா" என்று கேட்காதே. எல்லாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "போன மாதம் 12ஆம் திகதி பில்லை இப்போது என் கண்முன்னே மீட்டு எடுத்துக் காட்டுங்கள்" என்று கேள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்லி எழுத்தில் வாங்கு. அதோடு கிழமைக்கு ஒருநாள் ஒரு பிரதியைத் தனி டிரைவில் எடுத்து, வயரைக் கழற்றி, மூடியுள்ள பெட்டியில் போட்டு வீட்டில் வை. கடைக் கணினியோடேயே கொழுவி வைத்தால் பூட்டுகிற மென்பொருள் அதையும் சேர்த்துப் பூட்டும். மூடியுள்ள பெட்டி என்று நான் சொல்வது உப்புக் காற்றுக்காக. சோளகம் வீசுகிற மாதங்களில் எங்கள் தீவில் இரும்புக் கதவே துரு ஏறி உதிர்கிறது, டிரைவின் பின்னும் ரவுட்டரின் வாயும் எம்மட்டு?

யாரைப் பிடிப்பது

கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். தூரத்தில் இருந்தே செய்யக்கூடிய வேலையை (கணக்கு மென்பொருள், இணையத்தளம், மின்னஞ்சல்) கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கொடு. யாழ் ஐரி ஹப் போன்ற முயற்சிகளுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் நல்ல சிறு கம்பனிகள் வளர்ந்திருக்கின்றன, தமிழிலேயே கதைத்து முடிக்கலாம். ஏணி வைத்து ஏறவேண்டிய வேலைக்கு மன்னாரிலோ வவுனியாவிலோ ஆள் வேண்டும். இரண்டையும் ஒரே கம்பனிதான் செய்யவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. ஆனால் பிரச்சினை வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நிற்பார். ரவுட்டர் வரை இவர், அதற்கு உள்ளே அவர் என்று எல்லையை முதலே எழுது. மேலதிகமாக ஒரு ரவுட்டரை அலுமாரிக்குள் வை.

லைன் போனாலும் பில் போடக்கூடிய மென்பொருளையே எடு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டது உனக்கு நினைவிருக்கும். 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது பல மாவட்டங்களில் தொலைபேசியும் இணையமும் அறுந்தன. இணையம் இல்லாமல் ஒரு பற்றுச்சீட்டும் எழுத முடியாத கடை அன்றைக்குக் கதவைச் சாத்தவேண்டியதுதான்.

டொலர். இதையும் கேள். ரூபாயில் விலை சொன்னாலும் அதற்குள் எவ்வளவு டொலர் ஒளிந்திருக்கிறது என்று கேள். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 203 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மாதம் 50 டொலர் சேர்வர் வாடகை 10,150 ரூபாயில் இருந்து 18,000க்குப் போனது என்று அர்த்தம். வேலை செய்கிறவரின் கூலி ரூபாயில் ஒரு வருடத்துக்கு மாறாது, டொலர்ப் பங்கு மட்டும் அன்றன்றைய விலையில் என்று எழுதினால் இரண்டு பேருக்கும் நியாயம்.

கையெழுத்து வைக்கும் முன்

எங்கள் கரையில் வேலையை வெளியில் கொடுப்பது புதிதில்லை. அந்தக் கால மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பைப் பார். கடலும் சிப்பியும் அரசாங்கத்துக்கு, மூழ்கி எடுக்கிறவர்கள் கீழக்கரையில் இருந்தும் அரபுக் கரையில் இருந்தும் வந்தவர்கள். எடுத்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பது குளித்தவர்கள், அதில் எது அவர்களுடைய பங்கு என்று காட்டுவது அரசாங்க ஆள். ஒரு பங்கு அவர்களுக்கு, இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. தனக்கு எது வரும் என்று தெரியாதவன் மூன்றையும் சமமாகத்தான் குவிப்பான். சந்தேகப்படாமல், சண்டை பிடிக்காமல், ஒப்பந்தத்தின் அமைப்பே ஆளை நேர்மையாக வைத்திருந்தது. உன் ஒப்பந்தத்திலும் அப்படி ஒன்றைத் தேடு. உதாரணமாக, மாதாந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி, அந்த மூன்று மாத மீட்புப் பரிசோதனை சரியாக வந்தால் மட்டும்.

அதே முத்துக்குளிப்பை 1906இல் ஒரு லண்டன் கம்பனி 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு வருடக்கணக்காகச் சிப்பி விளையவில்லை, கம்பனி மூடிவிட்டுப் போனது. இத்தனை நீளக் குத்தகையால் இரு பக்கத்துக்கும் பயனில்லை. நீ ஒரு வருடத்துக்கு மேல் கையெழுத்து வைக்காதே. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு மாதம் காசு கட்டு. பிரியும்போது உன் தரவை எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள் தருவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். அதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவரை விட்டுவிடு.

கொடுக்கக்கூடாதவையும் சில இருக்கின்றன. விருந்தினர் வட்ஸ்அப்பில் கேட்கிற கேள்விக்குப் பதில் நீதான் எழுதவேண்டும். வங்காலையில் பூநாரை வந்திறங்கிவிட்டதா என்று கேட்பவருக்குக் கொழும்பில் இருக்கிற ஒருவரால் என்ன சொல்ல முடியும்? அறை விலையை நீ தீர்மானி. வங்கியிலிருந்து வருகிற குறியீட்டை, கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், யாருக்கும் வாசித்துச் சொல்லாதே. மாதக் கணக்கை மென்பொருள் கூட்டினாலும் கடைசித் தாளை நீ ஒருதரம் பார்.

உன் மகளுக்கு ஒரு சொல். இந்த வேலையை வாங்குகிற பக்கத்தில் மட்டும்தான் நாங்கள் நிற்கவேண்டும் என்றில்லை. வில்பத்துக் காட்டுக்கு அந்தப் பக்கம் மகாவிலச்சியக் கிராமத்துப் பிள்ளைகள் 2000களின் பிற்பகுதியிலேயே கொழும்புக் கம்பனிகளுக்குத் தரவுப் பதிவு செய்து கொடுத்தார்கள். படிப்பு முடித்ததும் அவள் இந்தத் தீவில் நாலைந்து கடைகளின் கணினியைப் பார்த்துக்கொண்டாலே தொடங்கப் போதும்.

நீ தொடங்குவது என்றால் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கொடுக்காதே. முதலில் வைபையும் கமராவும். அது ஒழுங்காகப் போனால் பில் மென்பொருள். அதை மாற்றுவதற்கு மாரி மழை பிடித்து அறைகள் வெறுமையாகிற ஐப்பசி கார்த்திகைதான் தோது. பழைய பில் புத்தகத்தையும் ஒரு மாதம் பக்கத்தில் வைத்து இரண்டிலும் எழுது. ஆவணித் திருவிழாவுக்கு முந்தின இரண்டு கிழமைக்குள் யாராவது புதிதாக எதையாவது பூட்ட வந்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடு.