யானை பார்க்கப் போனோம்: வஸ்கமுவவில் கற்ற பாடம்

"இரவிலே நித்திரை முழித்து விரட்டுகிற யானையை, பகலிலே காசு கொடுத்தும் பார்க்க வேண்டுமா?" எமது குழுவிலுள்ள அக்கா ஒருவர் இப்படிக் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய கேள்வி அல்ல அது. சிறுபோக அறுவடை முடிந்ததும் வஸ்கமுவ தேசிய பூங்காவுக்குச் சென்று வந்தோம். அங்கு கண்டதையும் கற்றதையும் இந்தப் பாடத்தில் பகிர்ந்து கொள்கிறோம்.

பூங்கா எப்படி உண்டானது?

மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது வஸ்கமுவ. கிழக்கே மகாவலி கங்கை. மேற்கே அம்பன் கங்கை. 1977 இல் துரித மகாவலித் திட்டம் தொடங்கியபோது அணைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் புதிய வயல்களுக்கும் பெரும் காடுகள் அழிக்கப்பட்டன. இடமிழந்த விலங்குகளுக்காகச் சில பூங்காக்கள் பிரகடனப்படுத்தப்பட்டன. மாதுறு ஓயா 1983 இலும், வஸ்கமுவ 1984 இலும், சோமாவதி 1986 இலும் அவ்வாறு உருவானவை.

அதாவது, இந்தப் பூங்காவும் ஒரு குடியேற்றமே. அணைக்காக மனிதரும் எழும்பினர், மிருகங்களும் எழும்பின. 2018 இல் பாவனைக்கு வந்த மொரகஹகந்தத் திட்டத்திலும், களுகங்கைத் திட்டத்திலும் எமது மாவட்டத்துக் குடும்பங்கள் வயலையும் வீட்டையும் விட்டுச் சென்றன. பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போயிற்று. எமக்குக் காணித்துண்டும் எல்லைக்கல்லும் தந்தார்கள். யானைக்கு எல்லைக்கல் தெரியாது. அது பழைய வழியிலேயே நடக்கிறது.

ஜீப் வண்டியிலிருந்து

வாயிலில் அனுமதிச்சீட்டு எடுத்து, வழிகாட்டியுடன் உள்ளே சென்றோம். வண்டியிலிருந்து இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, உணவு எறியக் கூடாது என்று முதலிலேயே சொன்னார். வரட்சிக் காலமாதலால் நீர் உள்ள இடத்தில் ஒரு கூட்டம் நின்றது. வயதான பெண் யானை முன்னே, குட்டிகள் நடுவே. கூட்டத்தை நடத்துவது பெண் யானைதான். வளர்ந்த ஆண் யானைகள் பிரிந்து தனித்தோ சிறு குழுவாகவோ திரியும். வயலுக்குள் அதிகமாக வருவது இந்த ஆண் யானைகளே.

வளர்ந்த யானை ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தீனி தின்னும். அந்தத் தீனி காட்டுக்குள் போதாவிட்டால் என்ன நடக்கும்? தெற்கே லுணுகம்வெஹெர பூங்காவுக்குள் விரட்டி, மின்வேலிக்குள் அடைக்கப்பட்ட கூட்டங்கள் உணவின்றி மெலிந்தன. வயலுக்கு வந்த ஆண் யானைகளோ பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிட்டன. "எல்லா யானையையும் பூங்காவுக்குள் அனுப்புங்கள்" என்று நாம் கேட்பது ஏன் பலிப்பதில்லை என்பது அப்போது விளங்கிற்று.

இலங்கை நிலப்பரப்பில் சுமார் 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அந்தப் பரப்பில் சுமார் 70 வீதத்தில் மக்களும் வாழ்கின்றனர். 2019 இல் மட்டும் 400 க்கு மேற்பட்ட யானைகளும் ஏறத்தாழ 120 மனிதரும் மாண்டனர். இந்தச் சண்டையில் வென்றவர் யாருமில்லை.

ஆபிரிக்காவில் என்ன செய்தார்கள்?

வெளிநாட்டார் சிங்கமும் யானையும் பார்க்கப் பறந்து செல்லும் தன்சானியாவின் செரெங்கெட்டிப் பூங்காவிலிருந்து, 1959 இல் மாசாய் மேய்ப்பர்கள் வெளியேற்றப்பட்டனர். அந்தப் பூங்காவின் அழகுக்குப் பின்னாலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் அயல்நாடான கென்யாவின் மாசாய் மாராப் பகுதியில் பிற்காலத்தில் வேறொரு வழி பிறந்தது. மாசாய் காணிச் சொந்தக்காரர் பலர் ஒன்றுகூடித் தமது நிலத்தைச் சுற்றுலா நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டு, வருமானம் பெறுகின்றனர். தனித்தனியாக நின்றிருந்தால் இது முடிந்திராது.

கென்யாவில் தேனீப் பெட்டிகளைக் கம்பியில் தொடுத்து வேலியாக்கினர். யானை கம்பியை அசைத்தால் தேனீ கிளம்பும். இதனை வஸ்கமுவ அயற்கிராமத்திலும் பரீட்சித்தனர். எமது தேனீ சாதுவானது. ஆகவே அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. தேன் கிடைப்பது இலாபம். யானை விரும்பாத தோடை மரங்களை வீட்டைச் சுற்றி நடும் முயற்சியும் இப்பகுதியில் நடக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

1. வேலி காட்டைச் சுற்றியல்ல, ஊரையும் வயலையும் சுற்றி இருக்க வேண்டும். 2020 இல் அரசாங்கத்திடம் கையளிக்கப்பட்ட தேசிய செயற்றிட்டமும் இதையே சொல்கிறது. வயலுக்குப் போக காலத்தில் மட்டும் கட்டி, அறுவடையின் பின் கழற்றும் வேலி போதும்.

2. வேலியைக் கட்டுவது ஒரு நாள் வேலை. பராமரிப்பது எந்நாளும் உள்ள வேலை. கம்பியில் முட்டும் புல்லை யார், எந்தக் கிழமை வெட்டுவது என்று முறை போட்டு எழுதி வையுங்கள்.

3. வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் கம்பியில் கொடுக்காதீர்கள். அது யானையை மட்டுமல்ல, விடியற்காலையில் தண்ணீர் பார்க்கப் போகும் உங்கள் பிள்ளையையும் கொல்லும். முறையான மின்வேலி அதிர்ச்சி தரும், உயிரை எடுக்காது.

4. நெல்லைப் படுக்கும் அறையில் குவிக்காதீர்கள். வாசனைக்கு யானை சுவரை உடைக்கும்.

5. நெல் முதலிய சில பயிர்களின் காப்புறுதியில் யானைச் சேதமும் அடங்கும். விபரங்களைக் கமநல சேவை நிலையத்தில் போகத் தொடக்கத்திலேயே கேட்டறியுங்கள்.

திரும்பும் வழியில் அதே அக்கா சொன்னார்: "குட்டியோடு நின்றதைப் பார்த்தபிறகு கோபம் கொஞ்சம் குறைந்தது. பயம் குறையவில்லை." அதுவே சரியான பாடம் என்று எண்ணுகிறோம். பயம் இருக்கட்டும், அது எம்மைக் காக்கும்.

குழுவாகக் கலந்துரையாட

• எமது ஊருக்குள் யானை வரும் வழிகள் எவை? குடியேறுமுன் அங்கு என்ன இருந்தது?
• எமது வேலியைப் பராமரிப்பவர் யார்? பழுதானால் யாரிடம் சொல்கிறோம்?
• பூங்கா பார்க்க வருவோரிடமிருந்து எமது ஊர் நேர்மையாக உழைக்கக்கூடிய வழிகள் எவை? அதற்கு எத்தனை குடும்பங்கள் ஒன்றுசேர வேண்டும்?